கேட்காமல் ஸ்கேன் பண்ணலாமா? எத்திக்கல் ஹேக்கிங் கத்துக்கறவங்க கவனத்துக்கு

கொருக்குப்பேட்டை ரூட்:
எத்திக்கல் ஹேக்கிங் கத்துக்க வர்ற பசங்ககிட்ட எல்லாரும் ஒரே பாட்டு: லேப் போடு, லேப் போடு (சொந்த கம்ப்யூட்டர்லயே பயிற்சிக் களம் அமை). எவ்ளோ நாள்தான் லேப்லயே உருட்டறது? வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுல துணிக்கடை வரிசை கட்டி நிக்குது. பில்லிங் கம்ப்யூட்டரை வீட்டிலிருந்து பார்க்கணும்னு ரூட்டர்ல 3389 போர்ட்டை (விண்டோஸ் ரிமோட் டெஸ்க்டாப்புக்கான வாசல்) திறந்து விடற பழக்கம் கடைக்காரங்களுக்கு உண்டு. வெளியிலிருந்து என்மேப்ல (எந்தப் போர்ட் திறந்திருக்குன்னு பார்க்கற டூல்) ஒரே ஒரு ஸ்கேன். திறந்திருந்தா ஓனர்கிட்ட சொல்லு, வேலை கேளு. உள்ள நுழையல, எதையும் தொடல. இதுல இன்னா தப்பு?

தண்டையார்:
சட்டம் அப்புறம் வருது. முதல்ல, நீங்க ஸ்கேன் பண்ற ஐபி (இணைய முகவரி) அந்தக் கடையோடதுதான்னு எப்படித் தெரியும்? நிறைய பிராட்பேண்ட் இணைப்பு ‘கேரியர் நாட்’ (CGNAT, இணையக் கம்பெனி பல வாடிக்கையாளருக்கு ஒரே பொது ஐபியைப் பகிர்ந்து தர்ற முறை) அமைப்புக்குப் பின்னாடி இருக்கு. ரூட்டரோட ‘வான்’ (WAN, இணையப் பக்க) முகவரி 100.64-க்கும் 100.127-க்கும் நடுவுல இருந்தா, வெளியில தெரியற பொது ஐபியைப் பல பேர் பகிர்ந்துக்கறாங்கன்னு அர்த்தம். அப்படி இல்லாத இணைப்புலயும் ரூட்டரை அணைச்சுப் போட்டா ஐபி மாறலாம். நேத்து குறிச்சு வெச்சது இன்னிக்கு ராயபுரத்துல யார் வீடோ.

அப்புறம் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000. 43-வது பிரிவு ஆரம்பிக்கிறதே ‘உரிமையாளர் அனுமதி இல்லாமல்’னுதான். 66-வது பிரிவுல 3 வருஷம் வரை சிறை, இல்ல 5 லட்சம் வரை அபராதம், இல்ல ரெண்டும்.

கொருக்குப்பேட்டை ரூட்:
66-ஐ முழுசா படிங்க தல. நேர்மையில்லாத நோக்கமோ மோசடி நோக்கமோ இருக்கணும். நல்லது சொல்லப் போறவன்மேல அது எப்படிப் பாயும்?

தண்டையார்:
66 பாயாம போகலாம். 43-க்கு அந்த நோக்கம் தேவையில்ல, அது நஷ்டஈட்டுப் பிரிவு. உங்க ஸ்கேனால பில்லிங் நின்னுச்சுன்னு கடைக்காரர் நிரூபிச்சா பணம் கட்டணும்.

மின்ட் தெரு பாக்கெட்:
ஸ்கேனால பில்லிங் நிக்குமான்னு சிரிக்கறவங்களுக்கு ஒரு தகவல். நெட்வொர்க்ல மாட்டின பிரிண்டர் 9100 போர்ட்டுக்கு எது வந்தாலும் அப்படியே அச்சடிக்கும். அதனாலதான் என்மேப், போர்ட்டுக்குப் பின்னாடி ஓடற சாஃப்ட்வேரோட பதிப்பைக் கண்டுபிடிக்கற தேடல்ல அந்தப் போர்ட்டைத் தானாவே தவிர்க்குது. ‘எல்லாப் போர்ட்டையும் பாரு’ன்னு அந்தத் தவிர்ப்பை நீக்கி ஓட்டினா பில் ரோல் முழுக்க கிறுக்கல்தான். தீபாவளிக் கூட்டத்துல இது நடந்தா உங்க எத்திக்ஸை யாரும் கேக்க மாட்டாங்க.

அதைவிட மோசம், ஓட்டை இருக்கான்னு ‘உறுதிப்படுத்தறது’. 2019-ல வெளிவந்த ப்ளூகீப்ங்கற ஓட்டை, விண்டோஸ் 7-ல 3389 வழியா பாஸ்வேர்டே இல்லாம உள்ளே விடும். அதுக்கான மெட்டாஸ்ப்ளாயிட் (தாக்குதல் டூல் தொகுப்பு) மாட்யூலை ஓட்டினா, உள்ளே போறதுக்கு முன்னாடி மெஷின் நீலத்திரை காட்டி விழ நல்ல வாய்ப்பு இருக்கு. பில் பாதியில நிக்கும், டேட்டா ஃபைலும் கெட்டுப் போகலாம்.

வியாசர்பாடி விபிஎன்:
நான் இப்பதான் ஆரம்பிக்கறேன் அண்ணே. விர்ச்சுவல்பாக்ஸ்ல (ஒரே கம்ப்யூட்டருக்குள்ள பல மெய்நிகர் மெஷின் ஓட்டற சாஃப்ட்வேர்) காளி லினக்ஸும் (ஹேக்கிங் டூல்கள் உள்ளது) மெட்டாஸ்ப்ளாயிட்டபிள் 2-வும் (பயிற்சிக்கான இலக்கு மெஷின்) போட்டாச்சு. ரெண்டுக்குமே 10.0.2.15-னு ஒரே முகவரி வருது. ஒண்ணை ஒண்ணு பார்க்கவே மாட்டேங்குது.

மின்ட் தெரு பாக்கெட்:
ரெண்டும் ‘நாட்’ மோடுல இருக்கு தம்பி. அந்த மோடுல ஒவ்வொரு மெஷினுக்கும் தனித்தனி அறை, அதான் முகவரியும் ஒண்ணு. ரெண்டையும் ‘ஹோஸ்ட் ஒன்லி’க்கு (உன் கம்ப்யூட்டருக்குள்ள மட்டும் இருக்கற நெட்வொர்க்) மாத்து, 192.168.56-னு ஆரம்பிக்கற முகவரி வரும். காளிக்கு 2 ஜிபி ரேம், மத்ததுக்கு 512 எம்பி போதும். அவசரத்துல ‘பிரிட்ஜ்’ மட்டும் வெச்சுடாதே. மெட்டாஸ்ப்ளாயிட்டபிள் வேணும்னே ஓட்டையோட செஞ்சது, வீட்டு வைஃபைல இருக்கற எல்லாருக்கும் அது திறந்து கெடக்கும்.

வைஃபை படிக்கணும்னா சொந்த ரூட்டர்ல மட்டும். லேப்டாப்போட வைஃபை விர்ச்சுவல்பாக்ஸுக்குள்ள வெறும் ஈதர்நெட்டாத்தான் தெரியும், மானிட்டர் மோடு (காத்துல போற வைஃபை சிக்னலையெல்லாம் கேக்கற நிலை) வராது. அந்த மோடு உள்ள தனி யூஎஸ்பி அடாப்டர் வேணும். உன் வைஃபை பாஸ்வேர்டு எவ்ளோ பலவீனம்னு கணக்கும் போட்டுப் பாரு: மொபைல் நம்பரையே பாஸ்வேர்டா வெச்சா, 6-லிருந்து 9-க்குள்ள தொடங்கற பத்து இலக்கம், மொத்தம் 400 கோடி. டபிள்யூபிஏ2 (வைஃபை பாதுகாப்பு முறை) ஒவ்வொரு பாஸ்வேர்டையும் 4,096 சுற்று அரைச்சுத்தான் சரிபார்க்கும். அப்படியும் கேமிங் கிராஃபிக்ஸ் கார்டு நொடிக்கு 10 லட்சம் முயற்சி பண்ணுச்சுன்னா, 67 நிமிஷத்துல மொத்தமும் தீர்ந்துடும்.

கொருக்குப்பேட்டை ரூட்:
லேப் பேச்செல்லாம் சரி. வேலைக்கு வழி சொல்லுங்க. ‘உங்க கடையை ஹேக் பண்ணிப் பார்க்க அனுமதி குடுங்க’ன்னு லெட்டர் நீட்டினா எந்த ஓனர் கையெழுத்துப் போடுவாரு?

தண்டையார்:
அப்படிக் கேட்டா போட மாட்டார்தான். லெட்டர்ல எந்தெந்த மெஷின், எந்தத் தேதி, கடை மூடின பிறகு எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, எதைத் தொட மாட்டீங்க, ஏதாவது நின்னுபோனா யாருக்கு போன் பண்ணணும், இவ்வளவும் ஒரே பக்கத்துல இருக்கட்டும். டெஸ்ட் அன்னிக்கு பொது ஐபியை அந்தக் கடை ரூட்டர்லயே மறுபடி பார்த்துக்கங்க. பில்லிங் சாஃப்ட்வேர் வேற கம்பெனி சர்வர்ல ஓடினா, அந்த சர்வருக்குக் கடைக்காரர் கையெழுத்து செல்லாது.

கொருக்குப்பேட்டை ரூட்:
ஒரு 3389-க்கு இவ்ளோ பேப்பரா!

மின்ட் தெரு பாக்கெட்:
3389-ஐக் கண்டுபிடிக்க ஸ்கேனே வேணாம். ஓனரையே ரூட்டரோட செட்டிங்ஸ் பக்கத்துல லாகின் பண்ணச் சொல்லி, போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து உள்ளே திறந்து விட்ட போர்ட்டுகள்) பட்டியலைக் காட்டச் சொல்லுங்க, அங்கேயே இருக்கும். போர்ட் நம்பரை மட்டும் 3390-னு மாத்தி வெச்சா பிரயோஜனம் இல்ல, தானியங்கி ஸ்கேனர்கள் அதையும் தட்டும். அந்த வரியை அழிச்சுட்டு வயர்கார்ட் (வீட்டிலிருந்து பாதுகாப்பா இணையற விபிஎன்) போட்டுக் குடுங்க. அப்படியே யூபிஎன்பி (சாதனங்கள் தானாவே ரூட்டர்ல போர்ட் திறந்துக்கற வசதி) பட்டியலையும் பாருங்க, சிசிடிவி டிவிஆர் யாரையும் கேக்காம ஒரு போர்ட்டைத் திறந்து வெச்சிருக்கலாம்.