கதைப்போட்டிக்கு ஒரு நடுவர் தேவை

வணக்கம் உறவுகளே. திருகோணமலையில் கதை எழுதும் நாங்கள் சிலர் மாதாமாதம் சிநேகபூர்வமாக ஒரு போட்டி நடத்துகிறோம். பரிசு கிடையாது, வென்றவர் அடுத்த மாதத் தலைப்பைத் தருவார், அவ்வளவுதான். இம்மாதத் தலைப்பு, 2009இல் பாலம் திறக்கும் வரை கிண்ணியாவுக்கு ஓடிய படகுப்பாதை. மூதூரிலிருந்தும் கதைகள் வந்திருக்கின்றன.

சிக்கல் என்னவென்றால், ஒருவர் நடை மற்றவருக்கு அத்துப்படி. பெயரை எடுத்துவிட்டாலும் இரண்டாவது வரியிலேயே ஆளைப் பிடித்துவிடுகிறோம். அப்புறம் புள்ளி போடும்போது நட்பும் கலந்துவிடுகிறது. புதிதாக எழுத வந்த தம்பி தங்கச்சிமாருக்கு இது நியாயமே இல்லை.

எங்களைத் தெரியாத, சிறுகதைகளை ஊன்றி வாசிக்கிற யாராவது நடுவராக வருவீர்களா? புள்ளியை விட, ஒவ்வொரு கதையும் எங்கே பிடித்தது, எங்கே தொய்ந்தது என்று நாலு வரி எழுதித் தந்தால் பெரிய உதவி. விருப்பமுள்ளவர்கள் உள்பெட்டிக்கு வாருங்கள்.