லேடர் ஸ்டிட்ச்சுக்கு ஒரு சொல் வேண்டும் (திங்கள் அச்சு)

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:
எல்லாருக்கும் வணக்கம். இங்கே கேரளத்தில் அயல்கூட்டத்து (அக்கம்பக்க மகளிர் குழு) பெண்களுக்குத் துணிப்பொம்மை தைக்கச் சொல்லிக்கொடுக்கிறோம். எல்லாரும் புதுசு. முதல் பாடம் யானை. கைப்புத்தகம் தமிழில்தான் வேண்டும் என்று அவர்களே கேட்டார்கள். திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. தமிழ்ச் சொல் கிடைக்காமல் இரண்டு இடத்தில் நிற்கிறேன். துணியை உள்புறமாகத் தைத்து, வெளியே புரட்டிப் பஞ்சு அடைக்க ஓர் இடைவெளி விடுகிறோமே, அது ஒன்று. அடைத்த பிறகு அதை வெளியிலிருந்தே, தையல் தெரியாமல் மூடுகிற லேடர் ஸ்டிட்ச் இன்னொன்று.

மார்த்தாண்டத்திலிருந்து:
முதலாவதுக்கு என்ன யோசனை டீச்சர்? வாய்தான். சாக்குக்கு வாய், பைக்கு வாய். "வயிற்றில் இரண்டு அங்குலம் வாய் விடவும்" என்று எழுதுங்க. வாயின் இரண்டு ஓரத்திலும் முன்னும் பின்னும் தைத்து இறுக்கச் சொல்லுங்க. இல்லேன்னா புரட்டும்போதே பிரிஞ்சுரும்.

நகரியிலிருந்து:
வாய்க்கு என் ஓட்டு. யானை என்றதும் ஒன்று: ஜெர்மனியில் மார்கரெட்டெ ஸ்டைஃப் என்ற அம்மையார் 1880இல் முதலில் தைத்ததும் யானைதான். குண்டூசி செருகி வைக்கச் செய்தார். பிள்ளைகள் விளையாட எடுத்துக்கொண்டன. கைகால் அசைகிற கரடி 1902இல்தான்.

செங்கோட்டையிலிருந்து:
ஏணித்தையல் என்று யாராவது சொல்லுமுன் சொல்லிவிடுகிறேன். அது ஆங்கிலத்துக்குத் தமிழ்ச் சட்டை. நம்மிடம் தையலுக்குத் துன்னல் என்ற பழஞ்சொல் இருக்கிறது. பொருநராற்றுப்படையில் "துன்னற் சிதாஅர்", தைத்த கந்தல். சிலம்பின் இந்திரவிழவூரெடுத்த காதையில் "துன்ன காரரும் தோலின் துன்னரும்", துணி தைப்பவரும் தோல் தைப்பவரும். அடுத்த அடியே "கிழியினும் கிடையினும் தொழில்பல பெருக்கி". கிழி என்றால் துணி. புகாரிலேயே துணியில் கைவேலை நடந்திருக்கிறது. மேலும், துன்னுதல் என்றால் நெருங்குதல். நெருங்காத பகைவர் துன்னார். பிரிந்த இரு விளிம்பை நெருங்க வைக்கும் தையலுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் ஏது?

நகரியிலிருந்து:
ஐயா, அந்தத் துன்னற் சிதாருக்கு முந்தைய அடிகளை விட்டுவிட்டீர்களே! "ஈரும் பேனும் இருந்திறை கூடி". புறநானூறு 136இல் பல துன்னம் போட்ட கந்தல் வருகிறது, அங்கேயும் ஈர், பேன். சங்கத் துன்னம் ஒட்டுப்போட்ட கிழிசல். குழந்தை கட்டிக்கொண்டு தூங்குகிற யானைக்கு அது வேண்டாம்.

செங்கோட்டையிலிருந்து:
பேன் இருந்தது துணியில், சொல்லில் இல்லை. பொம்மை என்ற சொல்லே வேண்டாம் என்பேன், பாவை இருக்க.

நகரியிலிருந்து:
ஆரம்பித்துவிட்டீர்களா! தெலுங்கில் பொம்ம, கன்னடத்தில் பொம்பெ, உங்கள் மலைக்கு அந்தப் பக்கம் மலையாளத்தில் பாவ. ஆந்திரத்துக் கொண்டப்பள்ளி மரப்பொம்மையை வாங்கி வந்து எங்கள் ஊரில் பாவை என்றால், மார்கழி எப்போது பிறந்தது என்பார்கள்.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:
ஐயா இருவருக்கும் வணக்கம். துன்னல் எனக்கும் பிடிக்கும். ஆனால் இங்கே பாதிப் பேர் மலையாளப் பள்ளியில் படித்தவர்கள். அங்கே துன்னல் என்றால் எல்லாத் தையலும்தான். சட்டை தைத்தாலும் துன்னல். "துன்னல் போடவும்" என்று எழுதினால் மேலாக நாலு குத்து குத்தி மூடிவிடுவார்கள். சங்கச் சொல் இங்கே பழக்கத்தில் இருப்பதுதான் சிக்கல்.

மார்த்தாண்டத்திலிருந்து:
ஐயா, நான் தையல்காரன், செய்முறையைச் சொல்றேன். வாயின் ரெண்டு விளிம்பையும் உள்ளே மடிக்கணும். ஒரு மடிப்புக்குள்ளேயே ஊசியை நுழைத்து மூணு நாலு மில்லிமீட்டர் தள்ளி எடுக்கணும். நேர் எதிரே இருக்கிற மடிப்புக்குள்ளே விட்டு அதே தூரம். நூலைத் தளர்வா விட்டு இப்படி அஞ்சாறு போட்டா, குறுக்கே படி படியா நூல் தெரியும், ஏணிதான். அப்புறம் நூலைச் சுண்டி இழுங்க, படி மொத்தமும் உள்ளே போய் விளிம்பு ஒட்டிக்கும். எதிரே நேரா விடாமச் சாய்வா விட்டா இழுத்ததும் சுருங்கிரும். புதுசாப் படிக்கிறவங்க கண்ணிலே படறது ஏணி. அதனாலே ஏணித்தையலே இருக்கட்டும்.

நகரியிலிருந்து:
அண்ணாச்சி சொன்னது தெளிவு. ஆனால் முடிந்த பிறகு ஏணி எங்கே என்று தேடுவார்கள். மறைத்தையல்?

செங்கோட்டையிலிருந்து:
ஒற்று வேண்டாம்! மறைகின்ற தையல், வினைத்தொகை, மறைதையல். ஒற்றுப் போட்டால் மறை வேதமாகிவிடும், தையல் பெண்ணாகிவிடுவாள், ஏதோ அம்மன் பெயர் போல இருக்கும். மறைதையல் இலக்கணப்படி சரி. இருந்தாலும் நான் துன்னல் பக்கம்தான்.

மார்த்தாண்டத்திலிருந்து:
இழுத்தாத்தானே மறையுது? இழுதையல்னு வைங்களேன்.

நகரியிலிருந்து:
இழுவை என்று படித்துவிடுவார்கள் அண்ணாச்சி.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:
அச்சகத்தில் கேட்கிறார்கள். தலைப்பில் "மறைதையல்" என்றே போடுகிறேன், படத்துக்குக் கீழே "நூலை இழுக்கும் முன் ஏணி போலத் தெரியும்" என்று ஒரு வரி. வாய் அப்படியே. அண்ணாச்சியின் செய்முறையைப் பேச்சு மட்டும் மாற்றி எடுத்துக்கொள்கிறேன்.

செங்கோட்டையிலிருந்து:
போடுங்கள் அம்மா. சொல்லடைவில் மறைதையலுக்கு எதிரே "துன்னல் (பழந்தமிழ்)" என்றாவது சேர்க்கலாம். அதில் யாருக்கும் நட்டமில்லை.

நகரியிலிருந்து:
சேர்த்தால் பேனையும் சேர்க்க வேண்டும்.

மார்த்தாண்டத்திலிருந்து:
டீச்சர், அதை விடுங்க. யானைக்கு ரோமத்துணியா? காதுக்கு வெட்டும்போது ரோமம் எந்தப் பக்கம் படியுதோ அதைப் பார்த்து வெட்டணும், தலையிலிருந்து வாலுக்கு. ரோமம் படியிற அந்தத் திசைக்கு உங்க புத்தகத்திலே என்ன சொல் போட்டிருக்கீங்க?