மறுமொழி: மக்காச்சோளத்தைச் சாம்பல்நீரில் வேகவைப்பதற்கு ஒரு சொல்

வணக்கம்.

வட அமெரிக்கப் பழங்குடிகளான ஈரி மக்கள் பற்றிய கட்டுரையில், மக்காச்சோளத்தைச் சாம்பல்நீரிலோ சுண்ணாம்புநீரிலோ வேகவைக்கும் ‘நிக்ஸ்டமலைசேஷன்’ என்பதற்குக் ‘கார ஊறல்’ என்று நண்பர் எழுதியிருந்தார். வேதியியலில் அமிலத்துக்கு எதிரானதைக் காரம் (alkali) என்பது சரிதான். ஆனால் சமையலோடு சேரும்போது படிப்பவர் மிளகாயைத்தான் நினைப்பார். அப்புறம், ஈரிகள் வாழ்ந்த பகுதியில் இது ஊறவைக்கிற வேலையே அல்ல.

ஈரிகள் ஈரி ஏரியின் தென்கரையில் வாழ்ந்தவர்கள், இரோக்வாய் மொழிக் குடும்பத்தினர். 1650களில் நடந்த போர்களில் சிதறினார்கள். உயிர் தப்பியவர்களில் பலர் அதே மொழிக் குடும்பத்துச் செனக்கா மக்களோடு கலந்தார்கள். அந்தச் செனக்காப் பெண்கள் செய்துவந்த முறையைப் பாருங்கள். கட்டைமரச் சாம்பலைச் சலித்துத் தண்ணீரில் போட்டுக் கொதிக்கவிடுவார்கள். காய்ந்த மக்காச்சோளத்தை அதில் கொட்டி, விரலால் நசுக்கினால் தோல் வழுக்கிக்கொண்டு வரும்வரை வேகவிடுவார்கள். பிறகு பின்னல் கூடையில் அள்ளி, தோலும் சாம்பலும் போகும்வரை ஓடும் நீரில் அலசுவார்கள். அதன் பிறகுதான் கஞ்சிக்கோ ரொட்டிக்கோ போகும்.

நெல் அவிக்கிறவர்களிடம் ‘வேக்காடு’ என்ற சொல் ஏற்கெனவே புழங்குகிறது. ஆகவே ‘சாம்பல் வேக்காடு’ என்று வைக்கலாம் என்பது என் கருத்து.

————

‘வேக்காடு’ அருமை. ஆனால் மெக்சிகோவில் சாம்பலுக்குப் பதில் சுண்ணாம்பு போடுகிறார்களே, அதற்கு என்ன செய்வது?

————

நியாயமான கேள்வி. பொதுச்சொல்லாகக் ‘காரநீர் வேக்காடு’ இருக்கட்டும்; ‘நீர்’ ஒட்டியதும் மிளகாய்க் குழப்பம் பெரும்பாலும் போய்விடும். அதன் கீழ் சாம்பல்நீர் வேக்காடு, சுண்ணாம்புநீர் வேக்காடு என்று இரண்டையும் தரலாம். ஈரி கட்டுரையில் முதலாவது போதும்.

விளக்கத்தில் ஒன்றை விட்டுவிடக் கூடாது. இது தோல் உரிக்கும் வேலை மட்டுமல்ல. மக்காச்சோளத்தில் நியாசின் (வைட்டமின் B3) உடலுக்குக் கிடைக்காதபடி கட்டுண்டு கிடக்கிறது. காரநீர்தான் அதை விடுவிக்கிறது. ஸ்பெயினும் வட இத்தாலியும் பயிரை எடுத்துக்கொண்டன, இந்தப் பக்குவத்தை எடுத்துக்கொள்ளவில்லை. 18ஆம் நூற்றாண்டில் அங்கே ஏழைகளை நியாசின் குறைவால் வரும் பெல்லாக்ரா நோய் பிடித்தது. அடுப்படி அறிவு என்று தள்ளிவிட்டதற்குக் கொடுத்த விலை அது. எனவே ‘மக்காச்சோளம் சமைக்கும் முறை’ என்ற ஒற்றை வரி விளக்கம் எனக்கு ஒப்புதல் இல்லை.

கட்டுரையில் உள்ள ‘மூன்று சகோதரிகள்’ என்ற பெயர் அப்படியே இருக்கட்டும். மக்காச்சோளத் தண்டில் பீன்ஸ் ஏற, பூசணி இலை மண்ணை மூடும் அந்தப் பயிர்க்கூட்டை இரோக்வாய் மக்களே அப்படித்தான் அழைத்தார்கள்.

மறுப்பு இல்லையென்றால் கட்டுரையில் மாற்றிவிடுகிறேன்.