பெட்ரோல் கார் மைலேஜ்: எங்கே கை வைத்தால் பலன், எங்கே வெட்டிச் செலவு

டேஷ்போர்டு காட்டுற மைலேஜை வச்சு முடிவு எடுக்காதீங்க. பங்கில் ஆட்டோ கட் (டேங்க் நிரம்பினதும் பைப் தானா நிற்கிறது) ஆனதும் நிறுத்தி, ட்ரிப் மீட்டரை சைபராக்குங்க. 300 கிலோமீட்டராவது ஓடின பிறகு அதே பங்கில் மறுபடி ஆட்டோ கட் வரை பிடிங்க. ஓடின தூரத்தை இப்போ பிடிச்ச லிட்டரால வகுத்தா அதுதான் மைலேஜ். கட் ஆன பிறகும் ரவுண்டா வரட்டும்னு தட்டித் தட்டி ஊத்தவிட்டா கணக்கே போச்சு. இ10-ல (10 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல்) இருந்து இ20-க்கு (20 சதவீதம்) மாறினாலே லிட்டருக்குள்ள இருக்கிற எரிசக்தி சுமார் மூன்றரை சதவீதம் குறையும். அதுக்கு மெக்கானிக்கைத் திட்டிப் பயனில்லை.

———

காத்து விஷயத்தில் ஒண்ணு: டிரைவர் பக்கக் கதவுத் தூண் ஸ்டிக்கரில் இருக்கிற அளவு, ஆறின டயருக்கு. ஓடிச் சூடான டயர் 3, 4 பிஎஸ்ஐ (காத்தழுத்த அளவு) கூடவே காட்டும். அதைப் பார்த்துக் கடைக்காரர் இறக்கிவிட்டா, மறுநாள் காலையில் டயர் குறைச்சலாத்தான் நிற்கும்.

காத்து சரியா இருந்தும் வண்டியை ஏதோ பிடிச்சு இழுக்கிற மாதிரி இருந்தா பிரேக்கைப் பாருங்க. பிரேக்கை அதிகம் மிதிக்காம கொஞ்ச தூரம் ஓட்டி, ஓரங்கட்டி, நாலு வீலுக்கும் பக்கத்தில் கையைக் கொண்டுபோங்க (ரிம்மைத் தொடாதீங்க, சுடும்). ஒண்ணு மட்டும் அனல் அடிச்சா அங்கே பிரேக் பிடிச்சுக்கிட்டு இருக்கு. ஜாக்கி போட்டு, நியூட்ரலில் வீலைக் கையால சுத்தினா உறுதியாகும். பெரும்பாலும் கேலிப்பர் (பிரேக் பேடை டிஸ்க்கில் அழுத்துற பாகம்) நகர உதவுற ஸ்லைடு பின் காய்ஞ்சு இறுகியிருக்கும். உள்பக்க பேட் தேய்ஞ்சு, வெளிப்பக்க பேட் தடிமனா நிற்கிறது அதோட அடையாளம். பின்னைக் கழட்டி, பிரேக் கிளீனரில் துடைச்சு, சிலிகான் பிரேக் கிரீஸ் மெல்லிசா தடவணும். சாதா கிரீஸ் வச்சா ரப்பர் பூட் உப்பி மறுபடி இறுகிடும்.

———

பிரேக்கும் சரின்னா தெர்மோஸ்டாட் (எஞ்சின் சூட்டுக்கேத்தபடி கூலன்ட் ஓட்டத்தைத் திறந்து மூடுற வால்வு). திறந்தபடி மாட்டிக்கிட்டா எஞ்சின் சூடேறவே சூடேறாது, இசியு (எஞ்சினைக் கட்டுப்படுத்துற கம்ப்யூட்டர்) பெட்ரோலைக் கூடுதலா ஊத்திக்கிட்டே இருக்கும். ஸ்கேனரில் பி0128-ங்கிற கோளாறு கோடு வந்தா முதல் சந்தேகம் அதுதான்.

185/65 ஆர்15 அளவு டயருக்குப் பதிலா அகலமான 195/65 ஆர்15 போட்டவங்க கவனிக்க: டயர் சுற்றளவு 2 சதவீதம் கூடுது, ஓடோமீட்டர் அந்த அளவுக்குக் குறைச்சுக் காட்டும். திருத்திக் கணக்குப் போடுங்க. அகல டயரின் உருளும் தடையால போற மைலேஜ் வேற கணக்கு.

மைலேஜ் கூடும்னு பெட்ரோல் குழாயில் கட்டுற காந்தம்? வெட்டிச் செலவு. அந்தக் காசுக்கு ஒரு நல்ல பிரஷர் கேஜ் வாங்கி டேஷ்போர்டில் போட்டு வைங்க.