கலைச்சொல் உதவி: ஒரே வரியில் இரண்டு தொகுப்பி

அன்பர்களே,
விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றும் கலந்து வைத்திருக்கும் நிரலாக்க மாணவர்களுக்கான கையேடு நாளை அச்சுக்குப் போகிறது. அதில் ஒரு வரி: "தொகுப்பியில் எழுதிச் சேமித்துத் தொகுப்பியிடம் கொடுக்கவும்." முதலாவது நிரலை எழுத உதவும் எடிட்டர், அடுத்தது அந்த நிரலைக் கணினிக்குப் புரியும் பொறிமொழி ஆக்கும் கம்பைலர். ஒன்றையாவது மாற்றித் தாருங்கள்.
– க.

> ஒன்றையாவது மாற்றித் தாருங்கள்

எடிட்டரை மாற்றுங்கள். உ.வே.சா. 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தார், தொகுக்கவில்லை. ஆகவே 'பதிப்பி'.
– ந.

'பதிப்பி' என்றால் யாரோ அதட்டி வேலை வாங்குவது போல இருக்கிறது ஐயா. விக்கிப்பீடியாவில் 'தொகு' என்று பழகியாயிற்று. மாற வேண்டியது கம்பைலர்தான். தொல்காப்பிய மரபியலே வழிநூலில் (முதல்நூலைப் பின்பற்றி எழுவது) தொகுத்தல் வேறு, மொழிபெயர்த்தல் வேறு என்கிறது. சி நிரலைப் பொறிமொழி ஆக்குவது எதில் சேரும்? 'நிரல்பெயர்ப்பி'.
– செ.

மரபியல் சரி, விகுதியைப் பார்த்தீர்களா? மண்வெட்டியில் 'இ' கருவி, மரங்கொத்தியில் வினைமுதல், ஊருணியில் செயப்படுபொருள். ஊருணி வழியில் போனால் 'தொகுப்பி' என்பது தொகுக்கப்படும் கோப்பையே குறிக்கும்!
– ந.

ஊருணியில் இறங்கினால் கரையேற மாட்டோம். மாணவர் வாயில் வருவது எடிட்டர்தான், அப்படியே விடுங்கள். கையேட்டில் வரிமுடிவைப் பற்றிச் சொல்லியிருக்கிறீர்களா? விண்டோஸ் ஒவ்வொரு வரியின் முடிவிலும் 13, 10 என்ற எண்ணுள்ள, கண்ணுக்குத் தெரியாத இரண்டு குறி வைக்கும்; லினக்ஸுக்கு 10 போதும். அந்த 13 ஒட்டிக்கொண்டு வந்த ஷெல் நிரல் லினக்ஸில் முதல் வரியிலேயே படுத்துவிடும். விஎஸ் கோட் என்ற எடிட்டர் மூன்றிலும் ஓடும். கீழ்ப்பட்டையில் 'சிஆர்எல்எஃப்' (13, 10) என்று இருப்பதைச் சொடுக்கி 'எல்எஃப்' (10 மட்டும்) ஆக்கிச் சேமித்தால் தீர்ந்தது. விம், ஈமேக்ஸ் இரண்டும் மூன்றிலும் உண்டு, புதியவர்களுக்குப் பரிந்துரைக்க மாட்டேன். நோட்பேட்++ நல்லதுதான், விண்டோஸோடு சரி.
– ம.

'வரிமுடிவு' மொழிபெயர்ப்பு வாடை. 'வரியீறு' எனலாம்.
– ந.

பல் மருத்துவர் நினைவுக்கு வருகிறார்.
– செ.

நன்றி. 'உரைதிருத்தி', 'நிரல்பெயர்ப்பி' என்று போட்டு, முதல் முறை வரும்போது மட்டும் அடைப்புக்குறிக்குள் எடிட்டர், கம்பைலர் சேர்த்துவிட்டேன். வரிமுடிவு வரிமுடிவாகவே இருக்கிறது. ம. சொன்னதற்கு அரைப்பக்கம் ஒதுக்கினேன்.
– க.

'உரைதிருத்தி'யை இடைவெளி விட்டு அச்சடித்தால் வினையெச்சம் ஆகிவிடும். எனக்கு உடன்பாடில்லை.
– ந.