மூன்றாம் வகுப்புக் கையெழுத்து இதழ்: கிரேயான் ஒட்டாமல் இருக்க வழி சொல்லுங்கள்

ஆசிரியர் நண்பர்களுக்கு வணக்கம். 24 பிள்ளைகள், ஆளுக்கொரு பக்கம். 6 ஏ4 தாள்களை நடுவில் மடித்தால் 24 பக்கம் சரியாக வரும். மடிப்பில் ஐந்து துளை போட்டு, இரட்டை நூலால் தைக்கிறோம். மேலட்டைக்கு சார்ட் தாள். எழுதும் முன்பே பக்க எண் போட்டுவிட வேண்டும். முதல் தாளில் 1, 2, 23, 24 வரும். இதில் தவறினால் கதை பாதியில் வேறெங்கோ போய்விடும்.

சிக்கல் படங்களில்தான். ஸ்கெட்ச் பேனா மை 70 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைக் குறிக்கும் அளவு) தாளில் பின்பக்கம் ஊறுகிறது. அதனால் மெழுகு கிரேயானுக்கு மாறினோம். இதழை அடுக்கி வைத்தால், வெயில் நாளில் மெழுகு இளகி எதிர்ப்பக்கத்தில் ஒட்டுகிறது. தொட்டியில் குளிக்கும் காக்கையை ஒரு குழந்தை அழுத்தி அழுத்திக் கருப்படித்திருந்தாள். எதிரே இருந்த விடுகதை முழுக்கக் கறை. படத்தைத் தனித்தாளில் வரைந்து ஒட்டினால் மைதா பசையில் தாள் சுருங்குகிறது, பூச்சியும் வருகிறது. பூச்சிக்காகப் பசையில் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கலக்கச் சொல்லாதீர்கள், அது நஞ்சு. பிள்ளைகள் கைபடும் பொருள்.

இடையில் பட்டர் பேப்பர் வைத்தவர்கள் உண்டா? மரக்கலர் பென்சில் போதுமா? பென்சில் எழுத்து ஜெராக்ஸில் மங்குகிறது, அதற்கும் வழி வேண்டும். மேலே பேனாவால் எழுதித் தர மனமில்லை. அந்த வளைந்த 'ழ' அவர்களுடையதாகவே இருக்க வேண்டும்.