ஞாயிறு அதிகாலை விமானம், பெட்டிகளின் எடை கூடிவிட்டது: எதை எடுத்துவிடலாம்?

பாலாற்றுமணல்:
அனைவருக்கும் வணக்கம். முதுநிலைப் படிப்புக்காக ஞாயிறு அதிகாலை புறப்படுகிறேன். வீட்டுத் தராசில் நிறுத்துப் பார்த்தால் ஒரு பெட்டி 29 கிலோவும் மற்றொன்று 26 கிலோவும் காட்டுகின்றன. துணிமணி, குக்கர், மிக்சி, பாடப்புத்தகங்கள், அரிசி, அம்மா செய்து கொடுத்த பொடிகள், ஓராண்டுக்கான மாத்திரைகள் எல்லாம் உள்ளே இருக்கின்றன. வீட்டில் ஆளுக்கொரு யோசனை சொல்வதால் எதை எடுத்துவிடலாம் என்று ஏற்கெனவே சென்றவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும். சற்று அவசரம்.

வைகைச்செல்வி:
எந்த நாட்டுக்குப் போகிறீர்கள், எந்த ஊருக்கு என்று சொல்லவே இல்லையே தம்பி. மாத்திரை என்ன மாத்திரை என்பதும் தெரிய வேண்டும்.

தஞ்சைக்குமரன்:
உங்கள் பயணச்சீட்டில் எடை எப்படிக் குறிக்கப்பட்டிருக்கிறது? சில நிறுவனங்கள் மொத்த எடையைக் கணக்கிட்டு அதை எத்தனை பெட்டியில் வேண்டுமானாலும் பிரித்துக்கொள்ள விடுகின்றன. சில நிறுவனங்களோ ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனியாக 23 கிலோ என்று வரம்பு வைக்கின்றன. இரண்டாவது வகையானால், ஒரு பெட்டியில் இடம் மிச்சமிருந்தாலும் மற்றொன்றில் கூடிய எடைக்குப் பணம் கட்டியே ஆக வேண்டும்.

மலைக்கோட்டையான்:
புத்தகங்கள் அனைத்தையும் எடுத்துவிடுங்கள், வேறு எதையும் தொட வேண்டியதில்லை. பல்கலைக்கழக நூலகத்தில் கிடைக்காத பாடநூல் என்று எதுவும் இருக்கப் போவதில்லை.

நிறைகோல்:
நாட்டின் பெயர், விமானத்தின் வழித்தடம், தங்குமிடம் ஆகிய மூன்றையும் குறிப்பிடாமல் கேட்கப்படும் எடைக் கேள்விகளுக்கு விடை சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. பயணச்சீட்டின் இரண்டாம் பக்கத்தை ஒரு முறை நிதானமாகப் படித்தாலே பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும். முதுநிலைப் படிப்புக்கு இடம் கிடைத்த ஒருவருக்கு அதைப் படிப்பது கடினமாக இருக்காது என்று நம்புகிறேன்.

பாலாற்றுமணல்:
மன்னிக்கவும், தெரிந்திருக்கும் என்று நினைத்துவிட்டேன். ஜெர்மனி, செம்னிட்ஸ் நகரம். சென்னையிலிருந்து ஃபிராங்ஃபர்ட் வரை நேரடி விமானம், அங்கிருந்து ரயில். சீட்டில் பெட்டிக்கு 23 கிலோ வீதம் இரண்டு, கைப்பை 8 கிலோ என்று இருக்கிறது. மாணவர் விடுதியில் அறை கிடைத்துவிட்டது. மாத்திரை தைராய்டுக்கானது.

வைகைச்செல்வி:
இப்போது தெளிவாகிவிட்டது. முதலில் மாத்திரை. ஜெர்மனிக்குள் நுழையும் பயணி தன் சொந்தத் தேவைக்கு ஏறத்தாழ மூன்று மாதத்துக்குரிய மருந்தை மட்டுமே கொண்டுசெல்லலாம் என்பது சுங்கத்துறையின் கணக்கு. ஓராண்டு மாத்திரையில் பெரும்பகுதியை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். மருத்துவர் எழுதிய சீட்டில் விற்பனைப் பெயரோடு லெவோதைராக்சின் என்ற மூலப்பெயரும் அளவும் ஆங்கிலத்தில் இருக்கட்டும். அந்த மருந்து அங்கே எல்லா மருந்தகங்களிலும் கிடைக்கும், மருத்துவரின் சீட்டு மட்டும் வேண்டும். கொண்டுபோகும் மாத்திரையைக் கைப்பையில் வையுங்கள். பெட்டி ஒரு நாள் தாமதமாக வந்தாலும் மாத்திரை தடைபடக் கூடாது.

அடுத்தது சான்றிதழ்கள். பத்தாம் வகுப்பு முதல் பட்டம் வரையிலான மூலச் சான்றிதழ்கள், ஏபிஎஸ் சான்றிதழ் (நம் கல்விச் சான்றுகளை ஜெர்மன் தரப்பு சரிபார்த்துத் தருவது), அனுமதிக் கடிதம், பிளாக்டு அக்கவுண்ட் (செலவுப் பணத்தை முன்கூட்டியே கட்டி மாதாமாதம் எடுக்கும் கணக்கு) உறுதிக் கடிதம், காப்பீட்டுத் தாள் ஆகியவற்றில் ஒன்றுகூடச் சரக்குப் பெட்டிக்குள் போகக் கூடாது. மூக்குக்கண்ணாடி அணிபவரானால் மாற்றுக்கண்ணாடி ஒன்றிரண்டு செய்துகொள்ளுங்கள். அங்கே அதன் விலை நம்மூரைவிடப் பல மடங்கு.

நிறைகோல்:
இனி உணவுப்பொருள். அம்மா கொடுத்தவற்றில் நெய் இருக்கிறதா என்று பாருங்கள், கட்டாயம் இருக்கும். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் பயணிகள் இறைச்சியையும் பால்பொருள்களையும் கொண்டுவரக் கூடாது. நெய்யும் பனீரும் அதில் அடங்கும். பச்சைக் கறிவேப்பிலைக்கு 2019 டிசம்பரிலிருந்து தாவரநலச் சான்றிதழ் தேவைப்படுகிறது. அன்னாசி, தேங்காய், வாழைப்பழம், பேரீச்சை, டுரியன் ஆகிய ஐந்து கனிகளுக்கு மட்டுமே விலக்கு. உலர்த்திப் பொடித்த கறிவேப்பிலை பிரச்சினையில்லை. தேங்காய்க்கு விலக்கு இருக்கிறதே என்று கொப்பரையை எடுத்து வைத்துவிடாதீர்கள்: எண்ணெய்ப்பசை மிகுந்த அது தானாகச் சூடேறித் தீப்பற்றக்கூடிய பொருள்களின் பட்டியலில் இருப்பதால் சென்னையிலேயே பெட்டியைத் திறந்து எடுத்துவிடுவார்கள். இவை அனைத்தும் பொதுவெளியில் எழுதப்பட்டிருப்பவைதான், தேடிப் படிக்கும் பழக்கம் இருந்தால் போதும்.

ஊர்லாச்சி:
யேர்மனியில் முப்பது வருடத்துக்கு மேலாக இருக்கிறவர்கள் நாங்கள். அரிசி கொண்டுவர வேண்டாம் தம்பி. பெரிய நகரங்களில் எங்கட ஆட்களின் கடைகளில் புழுங்கல் அரிசி, உளுந்து, மிளகாய்த்தூள், பச்சைக் கறிவேப்பிலை எல்லாம் கிடைக்கும். நீங்கள் போகும் ஊரில் இல்லாவிட்டால் லைப்சிக்கிலோ பெர்லினிலோ வாங்கிக்கொள்ளலாம், இணையத்தில் கேட்டாலும் வீட்டுக்கு அனுப்புவார்கள். வீட்டில் இடித்த பொடிகளை மட்டும் கொண்டு வாருங்கள், அந்தச் சுவை இங்கே காசுக்கும் கிடைக்காது.

தஞ்சைக்குமரன்:
அரிசியை எடுத்துவிட்டால் ஐந்து கிலோவாவது குறையும். மிக்சியையும் யோசியுங்கள். அங்கே மின்சாரம் நம்மூர் போலவே 230 வோல்ட் என்பதால் இயங்கும். ஆனால் நம் மூன்று முள் பிளக் அங்கே நுழையாது, நல்ல அடாப்டர் தேவைப்படும். ஒரு ஜாரையும் மோட்டாரையும் சேர்த்தாலே எடை எங்கோ போய்விடும்.

குக்கர் அலுமினியமா, ஸ்டீலா? அலுமினியமானால் இண்டக்சன் அடுப்பில் சூடே ஏறாது. எடுத்துச் சென்று பயனில்லை.

மலைக்கோட்டையான்:
இந்தக் கருத்தை நான் ஏற்கவில்லை. மாணவர் விடுதிகளில் பெரும்பாலும் கண்ணாடிப் பரப்புள்ள மின் அடுப்பு அல்லது பழைய இரும்புத் தட்டு அடுப்புதான் இருக்கிறது. அவற்றில் அடிப்பாகம் தட்டையாக இருந்தால் அலுமினியக் குக்கரும் நன்றாகவே வேகவைக்கும்.

தஞ்சைக்குமரன்:
அந்த விடுதியில் எது இருக்கிறது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? புதுப்பிக்கப்பட்ட விடுதிகளில் இண்டக்சன் வந்துகொண்டிருக்கிறது. காந்தம் ஒட்டும் அடிப்பாகம் உள்ள குக்கர் எல்லா அடுப்பிலும் வேலை செய்யும் என்பதால் அதுவே பாதுகாப்பான தேர்வு.

மலைக்கோட்டையான்:
அந்தத் தேர்வு அலுமினியத்தைவிட எடை கூடியது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். எடை குறைக்க வழி கேட்டவரிடம் கனமான குக்கர் வாங்கச் சொல்வது, பசிக்கிறது என்றவனிடம் நோன்பின் பெருமை பேசுவது போல இருக்கிறது.

வைகைச்செல்வி:
இருவரும் சண்டையை நிறுத்துங்கள். விடுதி நிர்வாகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பிக் கேட்டால் முடிந்துபோகிறது. எந்தக் குக்கரானாலும் மூடியைக் கழற்றித் தனியாக வையுங்கள், உள்ளே பொடிப் பொட்டலங்களைத் திணிக்காதீர்கள். எக்ஸ்ரேயில் தெளிவாகத் தெரியாமல் பெட்டியைத் திறக்கச் சொல்வார்கள். உதிரிக் கேஸ்கட் இரண்டும் சேஃப்டி வால்வு ஒன்றும் கட்டாயம் வையுங்கள். அந்த அளவில் அங்கே தேடி அலைய வேண்டியிருக்கும், எடையோ ஒன்றுமேயில்லை.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். ஃபிராங்ஃபர்ட் விமான நிலையத்திலிருந்து லைப்சிக் வரை விரைவு ரயில், அங்கே இறங்கி செம்னிட்ஸுக்கு வேறு வண்டி. தூங்காமல் வந்து சேர்ந்த உடம்போடு இரண்டு பெட்டிகளையும் ஒரு முதுகுப்பையையும் நடைமேடை மாற்றி நீங்களேதான் இழுக்க வேண்டும், போர்ட்டர் கிடையாது. விமான நிறுவனம் 23 கிலோ அனுமதித்தாலும் உங்கள் தோளும் அனுமதிக்க வேண்டும். குளிருக்கான கனமான மேலங்கியை இங்கே வாங்காமல் அங்கே வாங்கிக்கொள்ளலாம். அக்டோபரைச் சமாளிக்க ஒரு நடுத்தர ஜாக்கெட் போதும், அதையும் உடுத்திக்கொண்டே ஏறுங்கள்.

காவிரிப்பூம்பட்டினம்:
வதிவிட அனுமதி அட்டைக்கு இங்கேயே பயோமெட்ரிக் அளவில் புகைப்படம் இருபது பிரதி எடுத்துக்கொள்ளுங்கள், அங்கே விலை அதிகம்.

நிறைகோல்:
இது பழைய தகவல். 2025 மே 1 முதல் அந்த அட்டைக்கு அச்சிட்ட படத்தை ஏற்பதில்லை. அனுமதி பெற்ற நிலையத்தில் எடுத்த டிஜிட்டல் படத்தையோ அலுவலகக் கருவியில் எடுத்த படத்தையோதான் ஏற்கிறார்கள். இருபது பிரதியை வைத்துக்கொண்டு சுவரில் ஒட்டலாம். இதைவிட முக்கியம், குடியேறிய இரண்டு வாரத்துக்குள் முகவரிப் பதிவு செய்ய வேண்டும் என்பது. அதற்கு விடுதி தரும் கையெழுத்திட்ட தாளைச் சாவி வாங்கும்போதே கேட்டு வாங்கிவிடுங்கள்.

பாலாற்றுமணல்:
எல்லோருக்கும் நன்றி. நெய் இரண்டு பாட்டில் இருந்தது, கொப்பரையும் இருந்தது. அரிசி, புத்தகம், மிக்சியோடு அவற்றையும் எடுத்துவிட்டேன். இப்போது பெட்டிகள் 22.5, 21. விடுதிக்கு மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறேன், பதில் வரவில்லை, குக்கர் இப்போதைக்கு உள்ளேதான் இருக்கிறது.

தஞ்சைக்குமரன்:
அலுமினியமா என்று இன்னும் சொல்லவில்லையே?